திரும்பி வரும் வழி

(பவள விழாவை ஒட்டி நடந்த பங்குக் குடும்பங்களின் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பவள விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்புவதற்காக, சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம் பங்கின் குடும்பப் பதிவேட்டை எடுத்து விரித்தோம். கோயில்பிள்ளை பெயரையும் விலாசத்தையும் படிக்க, மரியாயின் சேனைச் சகோதரிகள் உறைகளின் மேல் எழுதிக்கொண்டு வந்தார்கள். முதல் சில பக்கங்கள் விரைவாகவே முடிந்தன. பிறகு எழுதுகிற கைகள் தயங்க ஆரம்பித்தன. பழைய விலாசத்தின் மேல் ஒரு கோடு. அதன் பக்கத்தில் வேறு மையில் ‘கண்ணகி நகர்’. அடுத்த பெயருக்கும் அப்படியே ஒரு கோடு, பக்கத்தில் ‘செம்மஞ்சேரி’. அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் ‘பெரும்பாக்கம்’. சில பெயர்களுக்கு நேரே கோடு மட்டும் இருந்தது. புது விலாசம் இல்லை. “இவங்களுக்கெல்லாம் எங்க சாமி அனுப்புறது?” என்று ஒரு சகோதரி கேட்டார். நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அந்தக் கேள்வியை முன்னிட்டுத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். விழா நாளில் பழம் பெருமை பேசுவது வழக்கம். பெருமைப்படத் தக்கவை நமக்கு ஏராளம் உண்டு. ஆனால் யூபிலி என்பது கணக்குப் பார்க்கும் காலமும் ஆகும். ஆகவே நம் பேட்டையைப் பற்றியும், அதற்கு வந்து போகும் வழிகளைப் பற்றியும், அவ்வழியில் வந்தவர்களையும் போனவர்களையும் பற்றியும் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

நம் பேட்டையை உண்டாக்கியதே போக்குவரத்து என்று சொன்னால் மிகையாகாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் புறப்பட்டது, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள இராயபுரத்திலிருந்துதான். 1873ல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 1895ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. 1931ல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1953ல் டிராம் நின்று போயிற்று. “டிராம் மணி கேட்டுத்தான் பூசைக்குப் புறப்படுவோம்” என்று சொல்லக்கூடிய மூத்தவர்களை இக்கோயிலில் நாமே கண்டிருக்கிறோம். டிராம் நின்ற பிறகு பஸ்கள் பெருகின. பிராட்வேயிலிருந்து தமிழ்நாட்டின் எந்த மூலைக்கும் பஸ் உண்டு என்ற காலம் ஒன்று இருந்தது.

துறைமுகம், ரயில், பஸ் ஆகிய இம்மூன்றையும் நம்பித்தான் நம் முன்னோர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். மூட்டை சுமந்தார்கள், கைவண்டி இழுத்தார்கள், அச்சகங்களில் எழுத்துக் கோத்தார்கள், மண்ணடியில் இரும்பு கடைகளிலும், கொத்தவால் சாவடியில் காய்கறி மண்டிகளிலும் உழைத்தார்கள். வேலை செய்யும் இடமும் வீடும் கோயிலும் நடக்கும் தூரத்தில் இருந்தன. இரவு இரண்டு மணிக்குச் சாவடிக்கு லாரி வந்தால், இரண்டரை மணிக்கு அங்கே நிற்கக்கூடியவர்கள் நம் பங்கு மக்கள். அவர்களின் வியர்வைக் காசில் எழுந்ததுதான் இந்தக் கோயில்.

பிறகு ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்தது. 1985ல் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையம் வந்தது. 1996ல் கொத்தவால் சாவடியின் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2002ல் வெளியூர்ப் பஸ்களும் கோயம்பேட்டுக்கே போயின. நெரிசல் தாங்க முடியவில்லை என்பது உண்மை. ஆம்புலன்ஸ் கூட நகர முடியாத தெருக்களில் வாழ்ந்தவர்கள் நாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மண்டியோடு மூட்டை தூக்கியவரின் பிழைப்பும் போயிற்று. காலியான வீடுகள் கிடங்குகள் ஆயின. குடியிருப்பவர் தரும் வாடகையைவிடச் சரக்கு வைப்பவர் தரும் வாடகை அதிகம் அல்லவா? கூவம் கரையிலும் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலும் குடிசை போட்டிருந்த நம்மவர்களுக்கு வேறு விதமான அழைப்பு வந்தது. கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. 2004 ஆழிப் பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரக் குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. எல்லாம் இங்கிருந்து 20 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மக்கள் கிளம்பிப் போன காலத்தில்தான் நம் பேட்டைக்குப் புதிய வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1995ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1997ல் அது மயிலாப்பூரையும், 2007ல் வேளச்சேரியையும் எட்டியது. 2018ல் மெட்ரோ ரயில் சென்ட்ரலுக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் மண்ணடிக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. சென்ட்ரலைச் சுற்றி மட்டும் தொலைதூர ரயில், புறநகர் ரயில், பூங்கா நிலையம், பூங்கா நகர் பறக்கும் ரயில், மெட்ரோ என்று எத்தனை வாசல்கள்! பிராட்வே பஸ் நிலையமும் குறளகமும் இருந்த இடத்தில், பஸ் நிலையமும் வணிக வளாகமும் சேர்ந்த பல அடுக்குக் கட்டடம் கட்ட 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்தால், மெட்ரோவும் கோட்டை ரயில் நிலையமும் பஸ்ஸும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் அமையும். இந்தியாவில் பல நகரங்களுக்குக் கிட்டாத வசதி இது.

இதை நாம் குறை சொல்லவில்லை, மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். ஆனால் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. ஆள் போன பிறகு இங்கே வழி வந்தது. ஆள் போன இடத்துக்கோ, வழி பின்னால்தான் வருகிறது. கோயம்பேட்டில் பஸ் நிலையம் திறந்தது 2002ல். மெட்ரோ அங்கே வந்தது 2015ல். நடுவில் பதின்மூன்று ஆண்டுகள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பழைய மாமல்லபுரம் சாலையில் மெட்ரோவுக்குத் தூண்கள் எழுந்திருக்கின்றன. கண்ணகி நகருக்கு முதல் குடும்பம் போய்க் கால் நூற்றாண்டு ஆயிற்று. வந்தாலும் அது மெயின் ரோட்டுக்குத்தான் வரும். அங்கிருந்து வீட்டு வாசல் வரை மினி பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ வேண்டும். கட்டடத்தை முதலில் கட்டிவிட்டு வழியைப் பிறகு யோசிப்பது நம் நாட்டின் பழக்கமாகிவிட்டது. அந்த இடைக்காலத்தின் பாரத்தைச் சுமப்பவர்கள் யார்? கார் வைத்திருப்பவர்கள் அல்லர்.

இதை நாம் ஏதோ படித்துத் தெரிந்துகொண்டோம் என்று எண்ண வேண்டாம். நம் தவறு ஒன்றினால் தெரிந்துகொண்டோம். அதை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்.

ஞாயிறு மாலைத் திருப்பலியில் நற்கருணை வாங்கியதும் சிலர் பக்கவாட்டுக் கதவு வழியே வெளியேறுவதைப் பல வாரங்கள் கண்டோம். நமக்குக் கோபம் வந்தது. இறுதி ஆசீருக்குக் காத்திராதவர்கள் விருந்து முடியும் முன் எழுந்து போகிறவர்கள் என்று பீடத்திலிருந்தே கடிந்து பேசினோம். இரண்டு வாரம் கழித்து, நோயாளி ஒருவருக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, பஸ் நிறுத்தத்தில் நமக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவரைக் கண்டோம். இக்கோயிலில்தான் ஞானஸ்நானமும் திருமணமும் பெற்றவர். இப்போது பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் இருக்கிறார்.

“என்னம்மா, ஆசீர் வாங்காமலே வந்துட்டீங்களா?” என்று கேட்டோம்.

“வாங்கணும்னுதான் ஆசை சாமி. இந்த வண்டிய விட்டா அடுத்தது எப்போன்னு தெரியாது. அதுவும் காசு வண்டியா வந்துடும். இருட்டிட்டா மெயின் ரோட்டுல இறங்கி உள்ள நடந்து போகணும். நீங்க அறிக்கை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு வண்டி போயிடுது” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்கோ தலை குனிந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று வந்ததால்தான் அவரால் வாராவாரம் வர முடிகிறது. அந்தப் பஸ்ஸைத் தவற விட்டால், வேறு பஸ்ஸுக்குப் பணம். பஸ்ஸே இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோவுக்கு அதைவிட அதிகப் பணம். ஆகவே ஆசீரை விட்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார். நாம் பீடத்திலே அன்பியக் கூட்டம், நற்கருணை ஆராதனை, நன்கொடையாளர் பட்டியல் என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தோம். யார் விருந்தைக் கெடுத்தவர்? அவரா, நாமா?

வழி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது இருப்புப் பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்டு கடைசியில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. 2024 அக்டோபர் கடைசியில்தான் திரும்ப ஓடியது. பதினான்கு மாதங்கள். வேலை அவசியமான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் வேளச்சேரிப் பக்கமிருந்து அந்த ரயிலில் வந்துகொண்டிருந்த சில குடும்பங்கள் அந்தப் பதினான்கு மாதத்தில் நம் கண்ணில் படவில்லை. ரயில் திரும்பியது. அவர்களில் எல்லோரும் திரும்பவில்லை. பழக்கம் ஒரு முறை விட்டுப்போனால், அதை ஒட்டுவது எளிதன்று.

நம் விவிலியத்தில் ஒரு நகரச் சீரமைப்பின் வரலாறு இருக்கிறது. நெகேமியா எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டினார். பகைவர் ஏளனத்துக்கு நடுவே, ஐம்பத்திரண்டு நாளில் கட்டி முடித்தார். கட்டும்போதே ஏழைகளின் கூக்குரல் அவர் காதில் விழுந்தது. வயலையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள் அழுதபோது, பெரிய மனிதரைக் கூப்பிட்டுக் கண்டித்து அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். மதில் முடிந்து கதவுகளும் மாட்டியாயிற்று. அப்போது பார்த்தால் நகரம் விசாலமாய் இருந்தது. உள்ளே மக்களோ மிகச் சிலராய் இருந்தார்கள். அவர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? முன்பு திரும்பி வந்த குடும்பங்களின் பதிவேட்டைத் தேடி எடுத்தார். வேதாகமத்தில் அந்தப் பெயர்ப் பட்டியல் நீண்டு போகும். குருமடத்தில் படித்த காலத்தில் அந்த அதிகாரத்தைச் சலிப்போடு தள்ளிப் போனவர்கள்தாம் நாம். நம் பதிவேட்டின் முன் உட்கார்ந்த அந்த மாலைதான் அதன் பொருள் விளங்கிற்று. மதில் எழும்பிய பின் நகரம் ஆவதற்கு மனிதர் வேண்டும். மனிதரை அழைக்கப் பெயர் வேண்டும்.

யூபிலி என்ற சொல்லுக்கும் இதே பொருள்தான். லேவியர் ஆகமத்தில் ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு. அன்று எக்காளம் ஊதப்படும். கடனால் நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்கும், குடும்பத்தைப் பிரிந்தவன் தன் குடும்பத்துக்கும் திரும்புவான். யூபிலி என்பது திரும்பி வரும் ஆண்டு. ஆக, ஒரு பங்கு யூபிலி கொண்டாடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, கொடிமரத்துக்கு என்ன நிறம் பூசலாம் என்பது அன்று. திரும்பி வர வேண்டியவர்கள் யார்? அவர்கள் எந்த வண்டியில் வருவார்கள்? இதுவே கேள்வி.

‘பங்கு’ என்று நாம் சொல்வதற்குத் திருச்சபை பழங்காலத்தில் வழங்கிய கிரேக்கச் சொல் ‘பரோய்க்கியா’ என்பது. அந்நிய ஊரில் தங்கி வாழ்தல் என்பது அதன் பொருள். சொந்த இடம் இல்லாதவர்களின் கூட்டம்தான் பங்கு. நம் பேட்டையும் அப்படித்தானே? ஆர்மேனிய வணிகர் வந்து 1772ல் கட்டிய கோயில் இன்றும் நிற்கிறது. பர்மாவிலிருந்து கைவிரித்து வந்தவர்களுக்காக 1969ல் பர்மா பஜார் வந்தது. தெலுங்கர், குஜராத்தியர், மார்வாடியர், கீழக்கரை மரக்காயர், தென்பாண்டிக் கடற்கரைக் கிறிஸ்தவர் எல்லோருக்கும் இடம் கொடுத்த மண் இது. செவ்வாய்க்கிழமைதோறும் அர்மேனியன் தெரு அந்தோனியார் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ எல்லா மதத்தினரும் பஸ் ஏறி வருவதைக் காண்கிறோம். வருகிறவரைத் தடுக்காத பேட்டை இது. அந்தக் குணம் போய்விட்டால், எத்தனை அடுக்குக் கட்டடம் வந்தாலும் இது வேறு ஊர்தான்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். மெட்ரோ வந்த பிறகு, தெருவைப் பார்த்த நம் முன்வாசல் மனைக்கு விலை பேச ஆட்கள் வந்துபோனது உங்களில் பலருக்குத் தெரியும். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள் என்று வணிக வளாகம் கட்டினால் மாதாமாதம் வாடகை வரும் என்று பங்குப் பேரவையில் சிலர் சொன்னார்கள். அவர்கள் பேராசையால் சொல்லவில்லை. கோயில் கூரை ஒழுகுகிறது. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். வின்சென்ட் தே பால் சபையின் உண்டியல் வெறுமையாக இருக்கிறது. அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மனையில்தான், காலைப் பூசைக்குத் தூரத்திலிருந்து வந்தவர்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்கு அங்கேதான் காத்திருக்கிறார்கள். நகரம் அவர்களை ஒரு முறை இடம் மாற்றிவிட்டது. கோயிலும் மாற்றினால் அவர்கள் எங்கே உட்காருவார்கள்?

நம் எண்ணத்தைச் சொல்கிறோம். முடிவு பேரவையும் மேதகு பேராயரும் சேர்ந்து எடுக்க வேண்டியது. கட்டடம் கட்டுவதானால் கட்டுவோம். ஆனால் கீழ்த்தளம் கடைக்கு வேண்டாம். தூரத்திலிருந்து வருகிறவர்கள் உட்காரவும், சாப்பிடவும், முகம் கழுவவும், கைக்குழந்தையைத் தூங்க வைக்கவும் ஒரு கூடமாக அது இருக்கட்டும். வாடகை குறையும். அந்தக் குறையை நாம் சேர்ந்து சுமப்போம்.

இன்னும் சில காரியங்கள் பேராயரைக் கேட்காமலே நாம் செய்யக் கூடியவை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலைத் திருப்பலி அரை மணி முன்னதாகத் தொடங்கும். அறிவிப்புகள் மூன்றுக்கு மேல் இருக்கா. மற்றவை பலகையில் எழுதப்படும். அந்த அம்மாவுக்கு நாம் பட்ட கடன் அது.

பதிவேட்டில் கோடு போடுவதை இன்றோடு நிறுத்துகிறோம். இடம் மாறியவர் அங்குள்ள பங்கில் சேர்வதே முறை. அங்குள்ள நம் சகோதரக் குருக்கள் அவர்களை அன்போடு நடத்துகிறார்கள். அவர்களைப் பிரித்து இழுப்பது நம் நோக்கமன்று. ஆனால் தாய்வீட்டில் பெண்ணின் பெயரை யாரும் அடிப்பதில்லை. பெயர் இருக்கட்டும், பக்கத்தில் புது விலாசமும் இருக்கட்டும். விலாசம் இல்லாத பெயர்களுக்கு விலாசம் தேடுவது அன்பியப் பொறுப்பாளர்களின் வேலை. பழைய அண்டை வீட்டாரைக் கேட்டால் தெரியும்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை உண்டு. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கைப்பேசிச் செயலியில் சீட்டு எடுக்கும் வசதி 2025ல் வந்தது. உங்களுக்கு அது விரல் நுனியில் இருக்கிறது. உங்கள் பாட்டிக்கு அப்படியா? கைப்பேசி இல்லாதவருக்கு எந்த நிலையத்தில் மாற வேண்டும், எந்தப் படியில் லிப்ட் இருக்கிறது என்று காட்டிக் கொடுங்கள். ஞாயிறு மாலையில் இருவர் இருவராய்ப் பஸ் நிறுத்தம் வரை கூடப் போங்கள். கட்டட வேலை நடக்கும் காலத்தில் பஸ்கள் இடம் மாறி நிற்பது தவிர்க்க முடியாதது. எந்தப் பஸ் எங்கே நிற்கிறது என்பதை வாராவாரம் கோயில் பலகையில் எழுதுவது உங்கள் பொறுப்பு.

படித்தவர்களே, அலுவலகங்களில் வேலை பார்க்கிறவர்களே, நீங்கள் மனு எழுதத் தெரிந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பஸ் எத்தனை மணிக்கு எத்தனை போகிறது என்று நிறுத்தத்தில் நின்று எண்ணுங்கள். ஒரு மாதம் எண்ணி, கணக்கோடு எழுதுங்கள். கோயில்காரர் மட்டும் கையெழுத்திட வேண்டாம். கோயிலுக்குப் போகும் அம்மாவும், சாவடிப் பக்கம் வீட்டு வேலைக்கு வரும் இந்துப் பெண்ணும், மண்ணடித் தொழுகைக்கு வரும் இஸ்லாமியப் பெரியவரும் காத்திருப்பது ஒரே நிறுத்தத்தில்தான். மனுவிலும் அவர்கள் சேர்ந்தே இருக்கட்டும்.

அன்பார்ந்தவர்களே, புதிய நிலையம் ஒரு நாள் திறக்கப்படும். விளக்குகள் ஒளிரும், நகரும் படிகள் ஓடும். நாமும் போய்ப் பார்த்து மகிழ்வோம். அது நல்ல நிலையமா என்பதை எதை வைத்துச் சொல்லலாம்? பெரும்பாக்கத்து ஏழாவது மாடியிலிருந்து இறங்கி வரும் அந்த அம்மா, யாரையும் கெஞ்சாமல் இங்கே வந்து சேர முடிகிறதா, இருட்டுமுன் வீடு திரும்ப முடிகிறதா என்பதை வைத்துச் சொல்லலாம். நம் கோயில் நல்ல கோயிலா என்பதற்கும் அதே அளவுகோல்தான்.

அழைப்பிதழ்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்தன. தபாலில் போகாதவற்றை அன்பியச் சகோதரிகள் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். இன்று இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்களில் பலர் அப்படி வந்தவர்கள் என்பது நமக்குத் தெரியும். நீங்கள் விருந்தாளிகள் அல்லர். முன்வரிசைக்கு வாருங்கள். சாப்பாட்டுக்கு முதல் பந்தி உங்களுக்கு. உங்கள் வண்டிக்கு நேரமாகிறது.

எல்லாம் வல்ல இறைவன் தந்தை, மகன், தூய ஆவி, வருகிற வழியிலும் போகிற வழியிலும் உங்களைக் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென். இன்று ஆசீர் முதலில் கொடுத்துவிட்டோம். அறிவிப்புகள் பலகையில் இருக்கின்றன.